பிடிபடாத பந்து

மின்னலுக்கு மூன்று வயது. தாய் சிப்பிப்பாறை, தகப்பன் எங்கள் தெருவில் திரிந்த நாட்டு நாய். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக ஓடுவதற்கென்றே பிறந்தவள். அவளை மதுரையில் ஒரு வீட்டு நடுக்கூடத்தில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அத்தையின் துணையோடு விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போகிறோம். இதுவரை நான்கு ஜோடி செருப்பும் ஒரு மெத்தையின் மூலையும் போய்விட்டன. கால்நடை மருத்துவர் உடம்பைச் சோதித்துவிட்டு, “உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, இவளுக்கு வேலை இல்ல, அதான்” என்றார். அவளுக்கு ஒரு வேலை தேடித்தான் இந்த விளையாட்டுச் சாமான்களை வாங்கினேன். மூன்று வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: விளையாட்டு முடிந்தபின் நாய் என்ன செய்கிறது?

முதலில் தானாக உருளும் பந்து. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஒரு கனமான பகுதி. அந்தக் கனம் எப்போதும் கீழே இருக்கப் பார்க்கும், மோட்டார் ஓட்டைச் சுழற்றும், பந்து நகரும். சுவரில் இடித்தால் உள்ளே இருக்கும் உணரி அதை அறிந்து திசை மாற்றிவிடும். நிஜமாகவே நல்ல பொறியியல். நாற்காலிக் காலுக்கு இடையில் மாட்டிக்கொண்டாலும் முன்னும் பின்னும் ஆடித் தானே வெளியே வந்துவிடுகிறது. சிவப்பும் பச்சையுமாக விளக்கு வேறு மினுக்குகிறது.

பந்தைத் தரையில் விட்ட நொடியே மின்னல் பாய்ந்தாள். அவ்வளவு அழகான ஓட்டத்தை இந்த வீட்டுக்குள் நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தேன். பத்து நிமிடத்தில் பந்து ஓய்வு நிலைக்குப் போய், சோபாவுக்கு அடியில் நின்றுவிட்டது. அவள் சோபாவின் முன்னால் தரையைப் பிறாண்டினாள், முனகினாள். பந்தை எடுத்து உள்ளே வைத்த பிறகும் முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாளும் அதேதான். நான்காம் நாள் சுவரில் விழுந்த வெயில் வெளிச்சத்தைத் துரத்த ஆரம்பித்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

அத்தை அன்றைக்குக் கேட்டார்: “ஏத்தா, இது அதுக்கு விளையாட்டா, நமக்கு வேடிக்கையா?”

அந்தக் கேள்விதான் என்னைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ரேமண்ட் காப்பிங்கர் போன்ற நாய் ஆய்வாளர்கள் வேட்டையை ஒரு சங்கிலியாக விவரித்திருக்கிறார்கள்: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கிழிப்பது, தின்பது. எந்தக் கண்ணி பலமாக இருக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறைக்குத் துரத்தலும் கவ்வலும்தான் உயிர். இந்தப் பந்து துரத்தலைத் தூண்டிவிட்டு, கவ்வலைத் தர மறுக்கிறது. ஓடு வழுக்குகிறது, வாய்க்குள் அடங்குவதில்லை, பிடித்தாலும் உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கிறது. செத்த முயல் அப்படி உறுமாது. லேசர் ஒளியைக் காட்டி நாயை ஓடவிடும் கருவிகளில் இந்தக் கோளாறு இன்னும் முற்றியது. அங்கே பிடிப்பதற்குப் பொருளே இல்லை. ஒளியையும் நிழலையும் ஓயாமல் துரத்தும் நோயாக அது சில நாய்களில் மாறிவிடுகிறது. லேசர் உள்ள எந்தச் சாமானையும் தயவுசெய்து நாய்க்கு வாங்காதீர்கள்.

அந்த மினுக்கும் விளக்கையும் சொல்ல வேண்டும். நாயின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டே வகை என்று 1989-இல் ஜே நைட்ஸும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். நீலமும் மஞ்சளும் நாய்களுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் ஒரே மங்கல். எங்கள் வீட்டுத் தரையில் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும் அந்தப் பந்து என் கண்ணுக்குத்தான் எடுப்பாக இருந்தது. சத்தமும் அப்படியே. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது அடைத்துவிடும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். அந்த மோட்டாரின் கீச்சு அவற்றுக்கு எப்படி ஒலிக்கிறதோ, எங்கள் இன்னொரு நாய், கிழவன் கருப்பன், பந்தை இயக்கியதும் எழுந்து கொல்லைப்புறம் போய்ப் படுத்துக்கொள்கிறான். தெருவில் பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவன் அவன். பட்டாசுக்கு மட்டும்தான் அப்படி எழுந்து போவான்.

அடுத்தது காங். மோட்டார் கிடையாது, விளக்கு கிடையாது. பனிமனிதன் போல மூன்று உருண்டைகளை அடுக்கிய வடிவில் கெட்டி ரப்பர், நடுவில் குழி. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட், ஃப்ரிட்ஸ், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வேன் பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட ஃபோக்ஸ்வேகன் சஸ்பென்ஷன் ரப்பரை அது விடாமல் கடித்தது. அதிலிருந்து பிறந்த வடிவம் இது. ஒரு நாய் தானே தேர்ந்தெடுத்த பொருளை மனிதன் கவனித்துச் செய்ததால்தானோ என்னவோ, இதில் தேவையில்லாத அம்சம் ஒன்றுகூட இல்லை. தரையில் போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதுவே துரத்தலுக்குப் போதும். கவ்வினால் பல் பதியும்.

நான் உள்ளே அடைப்பது உப்பில்லாத தயிர் சாதம், மசித்த பரங்கிக்காய், சில நாள் வேகவைத்த கோழித் துணுக்கு. முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். காலையில் கிளம்பும்போது கொடுத்தால் முப்பது முப்பத்தைந்து நிமிடம் நக்கிக்கொண்டே இருக்கிறாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள் என்று அத்தை சொன்னார். அந்தத் தூக்கத்துக்காகத்தான் இத்தனையும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதுவும் உள்ளே போகக் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

நம் ஊருக்கென்று ஒரு குறை உண்டு. எறும்பு. சாதம் ஒட்டிய குழியைக் கழுவாமல் ஒரு மணி நேரம் விட்டால் படையே வந்துவிடும், எறும்பு கடித்த மூக்கோடு நாய் அந்தப் பக்கமே திரும்பாது. பால்புட்டி கழுவும் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுவீடன்காரரான நீனா ஓட்டோசன் வடிவமைத்த வகைப் புதிர்ப் பலகை. மூடியைத் தள்ளினால், இழுத்தால் அடியில் தீனி. கருப்பன் மூக்கால் ஒவ்வொன்றாக நிதானமாகத் திறந்தான். வயதான நாய்க்கு இதைவிட நல்லது இல்லை. மின்னல் மூன்றாம் நாளே பலகையைக் கவிழ்த்துத் தின்றுவிட்டாள், பிறகு சீண்டவில்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஜான் பிராட்ஷா பங்கேற்று 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது நாய்கள் சீக்கிரமே சலித்துப்போயின. வேறு பொம்மை வந்ததும் ஆர்வம் திரும்பியது. அதனால் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக் கண்ணெதிரே வைக்காமல், ஒன்றைக் கொடுத்து மற்றதை ஒளித்துவைக்கிறேன்.

விலையில்லாத ஒரு பொருள்தான் இருவருக்கும் பொதுவாகப் பிடித்தது. பழைய கோணிச் சாக்கைச் சுருட்டி, மடிப்புக்குள் தீனியைத் தூவிவிடுவது. மோப்பம் பிடித்துத் தேடுவது நாய்க்கு வெறும் வயிற்று வேலை இல்லை. ஷார்லட் துராந்தோன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள், கிண்ணத்தில் தீனி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையிலும் நம்பிக்கையோடு விரைந்து போயின. எஜமானரின் காலை ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை.

கருவி செய்கிறவர்கள் நாயிடமிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முயற்சியைச் சொல்லலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இலியேனா ஹிர்ஸ்கி டக்ளஸ் 2021-இல் தன் லாப்ரடோர் ஜாக்குக்காக ஒரு பந்து செய்தார். உள்ளே அசைவை அறியும் உணரி. ஜாக் பந்தை அசைத்தால் மடிக்கணினி அவருக்கு வீடியோ அழைப்பு போடும். அழைப்பது நாயின் விருப்பம். பல அழைப்புகள் தற்செயலாகத்தான் வந்தன, நாய் அழைக்காதபோது அவருக்குக் கவலை வேறு வந்தது. ஆனாலும் தொடங்குவதும் விடுவதும் நாயின் கையில் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். என் உருளும் பந்தை இயக்குவதும் நிறுத்துவதும் என் விரல்தான், நாயின் மூக்கோ பாதமோ இல்லை.

பந்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மூன்றாம் வாரம் அதை ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள் போட்டு, முனையை நீளமாக வால் மாதிரி முடிச்சிட்டேன். வேகம் பாதியாகக் குறைந்தது. சத்தமும் அமுங்கியது, கருப்பன் எழுந்து போகவில்லை. மின்னல் துரத்திப்போய் வாலைக் கவ்வித் தலையை உதறினாள். கவ்விய உடனே நான் போய்ப் பந்தை அணைத்துவிட்டு, காலுறையை அவளிடமே விட்டு, ஒரு கோழித் துண்டும் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பாயில் படுத்தாள். முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

ஆகவே உருளும் பந்து வாங்க நினைப்பவர்களுக்கு: அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதுபோல் நாயைத் தனியே விட்டுப் போகும்போது கொடுக்கிற சாமான் இல்லை இது. ஓட்டைக் கடித்து உடைத்தால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. நாயின் தொண்டைக்குள் போகாத அளவில், நீலத்திலோ மஞ்சளிலோ கிடைத்தால், மாலையில் நீங்களும் கூடத் தரையில் உட்காரத் தயார் என்றால் வாங்கலாம். எங்கள் வீட்டில் காலை ஒன்பதுக்குத் தயிர் சாதம் உறைந்த காங், மதியம் அத்தை கையால் கோணிச் சாக்கு, மாலை ஏழு மணிக்குப் பந்து, அதுவும் மூன்று முறை பிடிக்கும் வரைதான்.