மலையில்லாத ஊரில் இரண்டு மலை

உத்திரமேரூர் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து "சீனரி வரைங்க" என்றால், பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். கூர்முனையோடு இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து அகன்று இறங்கும் ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை. வகுப்புக்கு வெளியே இருப்பதோ ஏரிக்கரை, பனை வரிசை, சீமைக்கருவேலம். அங்கங்கே சிறு குன்றுகள் உண்டு. அந்தக் கூர்மலை எங்கும் இல்லை. செய்யாறோ ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது.

இந்த வாய்பாட்டை எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தூரத்தில் குறுகிக் கிட்டத்தில் அகலும் ஆறு, தட்டைத் தாளில் ஆழம் காட்டும் வித்தையை ஏழு வயதிலேயே கையில் ஏற்றிவிடுகிறது. முழுத்தாளையும் பயமில்லாமல் நிரப்பும் துணிவும் வருகிறது.

குறை தெரிவது, அதற்குள் ஓர் ஆளை வைக்கச் சொல்லும்போது. ஆடு மேய்ப்பவரை வரையச் சொன்னால், மிச்சமிருக்கும் அடிப்பகுதியில், நட்டநடுவில், போட்டோவுக்கு நிற்பதுபோல் நிறுத்துகிறார்கள். மலையும் சூரியனும் ஏற்கெனவே நடுவைப் பிடித்துக்கொண்டதால் அவர் ஒட்டவைத்த பொம்மையாகிவிடுகிறார். இரண்டு பக்கமும் ஒரே அளவு வைப்பதுதான் சமநிலை என்று பழகிய கையின் தவறு இது.

இதற்கு மாற்று கிழக்கே, மாமல்லபுரத்துப் பாறையிலேயே இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பம், நூறடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை நடுவில் வைக்கவில்லை. நடுவைப் பாறையின் இயற்கைப் பிளவுக்கே, ஆறாக, விட்டுவிட்டார்கள். தவசி அதற்கு இடப்பக்கம், மேலே, எலும்பு தெரிய நிற்கிறார். வலப்பக்கம் கீழே பெரிய யானைகள். எடை ஒரு புறம், பொருள் மறுபுறம். இரு கையும் ஒத்த தராசுபோல் அல்ல, ஒரு கை குட்டையும் ஒரு கை நீளமுமான வெள்ளிக்கோல்போல நிற்கும் சமநிலை. தேவரும் விலங்கும் பெரும்பாலும் பிளவை நோக்கியே திரும்பியிருக்கிறார்கள். யானையருகே கை தூக்கி நிற்கும் பூனை, தவசியின் நிலையை மறுகரையில் திரும்பச் செய்து இரு பாதியையும் கட்டுகிறது. எனக்கு அந்தப் பூனைதான் இந்த அமைப்பின் உச்சம்.

அங்கும் ஒரு விலை உண்டு. யானைகள் கண்ணை அப்படி இழுக்கின்றன. பலர் அவற்றின் முன் படமெடுத்துக்கொண்டு தவசியைப் பாராமலே போகிறார்கள். இடப்பக்க அடிப்பகுதி செதுக்கி முடியாமல் நிற்பதால், சிற்பிகள் எண்ணிய எடைக்கணக்கு முழுதாக நமக்குக் கிடைக்கவும் இல்லை.

ஏரிக்கரையில் அமரும் பிள்ளைக்கு இதிலிருந்து கொடுக்க வேண்டியது வரிசைமாற்றம்தான். முதலில் மலை வேண்டாம். ஆள் எங்கே என்று முடிவாகட்டும். அவரைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளலாம். ஆடுகள் தண்ணீர் பக்கம் திரும்பட்டும். மறுகோடியில் ஒரே ஒரு பனை, சிறிதாக, ஆனால் கறுப்பாக. நடுவில் கிடக்கும் தண்ணீரை வரையவே வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். அந்த வெள்ளையைப் பார்த்து "இன்னும் முடிக்கலையா?" என்று நாம் கேட்காமல் இருக்க வேண்டும்.