மருந்துக்கடை முகாமும் வட்டம் போடாத எண்ணும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் இலவசப் பரிசோதனை முகாம் நடந்தது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பேனர். ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்பு அடர்த்தி மூன்றும் பத்தே நிமிஷத்தில். அம்மா (வயது 68) ஒரு சீட்டோடும் இரண்டு மாதத்துக்கான கால்சியம் மாத்திரையோடும் திரும்பி வந்தார். "எலும்பெல்லாம் கரையுதாம் கண்ணு, பாத்து நடக்கோணுமாம்" என்றார். அன்றிலிருந்து மாடிப்படி ஏறுவதையும் காலை நடையையும் நிறுத்திவிட்டார்.

சீட்டில் 'டி-ஸ்கோர் −1.8, ஆஸ்டியோபீனியா' என்று அச்சாகி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் சராசரியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு. −1க்கும் −2.5க்கும் நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா. −2.5ஓ அதற்குக் கீழோ என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். 1994-ல் உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு வகுத்த கோடு இது. அதை இடுப்பு, முதுகெலும்பு போன்ற இடங்களில் டெக்ஸா என்ற எக்ஸ்ரே முறையில் அளக்க வேண்டும். முகாமில் வைத்திருந்தது குதிகாலில் ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி. எலும்பு முறியும் ஆபத்தைப் பற்றி அதுவும் ஓரளவு சொல்லும், பயனில்லாத கருவி இல்லை. ஆனால் டெக்ஸாவுக்குப் போட்ட கோட்டை அதன்மேல் அப்படியே வைத்து நோய்ப்பெயர் எழுதக்கூடாது.

இன்னொரு சங்கதி. இது சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடும் முறை என்பதால், ஆரோக்கியமான இளம்பெண்கள் 100 பேரை அளந்தாலே சுமார் 16 பேர் −1க்குக் கீழே வந்துவிடுவார்கள். அது நார்மல் வளைவின் குணம். 68 வயதில் −1.8 என்பது பெரும்பாலும் வயதைத்தான் சொல்கிறது. அதைக் கேட்டுப் பயந்து நடையை நிறுத்தியதுதான் கொடுமை, உடல் எடையைத் தாங்கி நடப்பது எலும்புக்கு நல்லது.

இவ்வளவும் படித்த பிறகுதான் சீட்டின் மேல் வரியைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் 158/94. அதற்கு வட்டம் இல்லை, ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. வெயிலில் நடந்துபோய் உட்கார்ந்ததும் எடுத்த ஒரே ஒரு அளவு அது. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் தரையில் படிய, கை இதய மட்டத்தில் இருக்க, குறைந்தது இரண்டு தடவை எடுக்க வேண்டும் என்பது பாடம். அதனால் 158 பொய்யாகவும் இருக்கலாம். மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்குத்தானே முகாம்?

கடைக்குப் போய் மருந்தாளுநரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "அது கால்சியம் கம்பெனிக்காரங்க போட்ட கேம்ப்புங்க, நாங்க இடம் மட்டுந்தான் குடுத்தோம்" என்றார். வட்டம் எதற்குப் போட்டார்கள் என்று புரிந்துவிட்டது.

மருந்துக்கடையில் பரிசோதனையே கூடாது என்று சொல்லலாமா? பொதுப் பரிசோதனைகளைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. டென்மார்க்கின் 'இன்டர்99' ஆய்வில் 30 முதல் 60 வயது வரையிலான 59,616 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினரை அழைத்துப் பரிசோதித்து, ஆலோசனையும் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பு வகை நோய், பக்கவாதம், மரணம் எதிலும் மற்றவர்களோடு வித்தியாசமில்லை.

ஆனால் 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு வேறு கதை சொல்கிறது. இடம் முடிதிருத்தும் கடைகள், மொத்தம் 52. உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்கள். பாதிக் கடைகளில், "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று முடிதிருத்துபவர் சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதி, திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு, அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 9.3 புள்ளி இறங்கியது, மருந்தாளுநர் பார்த்தவர்களுக்கு 27. இரண்டு பக்கமும் அளந்தது ஒரே மாதிரிதான்.

இங்கிலாந்தில் 2021 அக்டோபரிலிருந்து மருந்துக்கடைகளில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அதிகமாக இருந்தால் 24 மணி நேரம் அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, முடிவைக் குடும்ப மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். எங்கள் தொழிலில் அலாரம் அடித்தால் எடுக்க ஒருவர் பெயர் எழுதியிருக்கும். பெயர் இல்லாத அலாரத்தை நீக்கிவிடுவோம், ஏனென்றால் அது தூக்கத்தை மட்டும்தான் கெடுக்கும்.

நம் ஊரிலும் இது முடியாததில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து, மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முகாம் நடத்தும் கடை, அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டின் நகலை அனுப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கம்பெனி ரெப் ஏன் அதைச் செய்யப் போகிறார் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் ஒரு கருவி வாங்கி, ஏழு நாள் காலையும் மாலையும் அம்மாவுக்கு அளந்தேன். சராசரி 146/88. வீட்டு அளவுக்கு 135/85 தான் வரம்பு. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், கால்சியம் சீட்டைப் பார்த்துவிட்டு "நடங்கம்மா" என்றார். அம்மா மறுபடி நடக்கிறார். மாடிப்படிக்கு மட்டும் இன்னும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.