காரணம் சொல்லாத சோகம்

கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதி பிளாக்குகளில் துர்கா பூஜை மேடைகளில் ஏறும் பழைய வங்கப் பாட்டுகளில் மன்னா தேயின் 'காஃபி ஹவுஸ்' பாட்டுக்குத் தனி இடம் உண்டு. பிள்ளைகளைப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோர் கூடவே முணுமுணுக்கிறார்கள், கண் கலங்குகிறார்கள். பழைய பாட்டு எழுப்பும் இந்த ஏக்கம் தனிமைக்கு மருந்து என்று உளவியல் ஆய்வுகளைக் காட்டி வாதாடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. மருந்தாக இருக்கலாம். இளமையில் கேட்ட பாட்டு மற்றவற்றைவிட ஆழமாக நினைவில் தங்குவதும் உண்மைதான். கௌரிபிரசன்ன மஜும்தாரின் வரிகள், சுபர்ணகாந்தி கோஷின் மெட்டு, 'செம்மீன்' படத்தின் வழியே நமக்கும் நெருக்கமான மன்னா தேயின் குரல், எதிலும் குறை சொல்ல இடமில்லை.

குறை, அந்த ஏக்கம் எதை மறைக்கிறது என்பதில் இருக்கிறது. 1983-இல் வந்த இப்பாட்டில் காஃபி ஹவுஸில் கூடிய ஏழு நண்பர்கள் சிதறிப்போகிறார்கள். ஒருவர் பாரிஸில், ஒருவர் கல்லறையில், ரமா ராய் மனநல விடுதியில், கவிஞர் அமல் புற்றுநோயில். யார் எங்கே என்பதைப் பாட்டு துல்லியமாகச் சொல்கிறது. ஏன் என்று வரும்போது காதல் தோல்வி, நோய், விதி என்று ஒதுங்கிக்கொள்கிறது. பத்திரிகை நிருபர் மொய்துல் டாக்காவில் இருக்கிறார், அவ்வளவுதான். மொய்துல் என்ற முஸ்லிம் பெயருள்ள ஒருவர் கல்கத்தாவை விட்டு டாக்காவில் வாழ்கிறார் என்றால், அந்த வழியில் 1947 பிரிவினையும் 1964 மதக் கலவரமும் கிடக்கின்றன. ஒரு தலைமுறையின் வரலாறு அங்கே ஊர்ப்பெயராகச் சுருங்கிவிடுகிறது. சால்ட் லேக்கின் கண்ணீரும் இதே வழியில்தான் போகிறது. பிள்ளைகள் போனதற்குக் காலம் காரணமல்ல. மூடிய ஆலைகளும் பெருகாத வேலைகளும் அவர்களை அனுப்பின. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் மென்பொருள் நிறுவனங்கள் வந்த பிறகும் அந்தப் போக்கு நிற்கவில்லை. காரணம் உள்ள பிரிவை விதியாக்கி அழவைக்கும் பாட்டு, கேட்பவரிடமிருந்து கோபத்தைப் பறித்துவிடுகிறது.

பாட்டு என்ன பொருளாதாரக் கட்டுரையா என்று கேட்கலாம். ஆனால் அஞ்சன் தத்தாவின் வங்கப் பாட்டு 'பேலா போஸ்' 1994-இல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஆரம்பச் சம்பளம் 1100 ரூபாய் என்று காதலியிடம் தொலைபேசியில் தவிக்கும் இளைஞனின் பாட்டு அது. வேலையின்மை அங்கே கதையின் முதுகெலும்பு. அதனால் உருக்கம் ஒரு துளியும் குறையவில்லை. ஆகவே இது பாட்டு என்ற வடிவத்தின் எல்லை அல்ல, 'காஃபி ஹவுஸ்' பாட்டின் தேர்வு. அதன் முடிவில் ஏழு பேரும் போன பிறகும் மேஜை இருக்கிறது, கோப்பைகள் காலியாவதில்லை, காலம் தானாகவே அந்த இடத்தைக் காத்துவைத்ததைப் போல. நிஜத்தில் 1958-இல் பாட்டில் வரும் அந்தக் கல்லூரித் தெருக் காஃபி ஹவுஸை மூட முடிவெடுத்தார்கள். பேராசிரியர்கள் அரசிடம் மனுக் கொடுத்தார்கள்; ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு அதைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள்.