புரவியெடுப்பும் பிடிமண்ணும்: பொருள்மைய வாசிப்பு குறித்த ஒரு மறுபார்வை

முன்னுரை

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரைகளைச் செய்து, அவற்றைத் தோளில் சுமந்து சென்று கோயிலில் நிறுத்தும் விழா புரவியெடுப்பு எனப்படும். நாட்டார் வழக்காற்றியல் எழுத்துகளில் இக்குதிரை பெரும்பாலும் முடிவுற்ற ஒரு பொருளாகவே, அதாவது காவல் தெய்வத்தின் ஊர்தியாகவோ கைவினைச் சாதனையாகவோ, வாசிக்கப்படுகிறது. விழாவின் உயிர்நிலை பொருளில் இல்லை, அதை மீண்டும் மீண்டும் செய்யும் கடப்பாட்டில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முன்னைய வாசிப்புகள்

லூயி துய்மோன் 1959ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை, அய்யனாரைத் தனித்து நோக்காமல், பலியேற்கும் கறுப்பனோடு கொள்ளும் உறவின்வழி வரையறுத்தது. தெய்வங்களின் படிநிலையை விளக்க அது பெரிதும் உதவியது. ஆயினும் அதன் நாட்டம் தெய்வங்களுக்கு இடையிலான உறவே; குதிரையைச் செய்யும் கை அன்று. மதுரை வட்டார வேளாரை ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ், அவர்கள் மட்கலம் வனைவோர் மட்டுமல்லர், பூசை செய்வோரும் ஆவர் என்பதை முன்னிறுத்தினார். இவ்வழியே செல்லும்போதுதான் பிடிமண் முதன்மை பெறுகிறது.

பிடிமண் என்னும் உடன்பாடு

புரவி செய்ய முடிவெடுத்த ஊரார், ஒரு பிடி மண்ணை வேளாரிடம் முறைப்படி அளிப்பர். அதன்பின்னரே வேலை தொடங்கும். வைக்கோல் முதலியன கலந்து பிசைந்த களிமண்ணால் உள்ளீடற்ற கால்களும் உடலும் எழுப்பப்பட்டு, சுடப்பட்டு, வண்ணம் பெறும். கண் திறந்தபின் குதிரை தெய்வத்துக்கு உரியதாகிறது. கோயிலில் நின்ற பழைய குதிரைகள் வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகின்றன. இச்சிதைவைப் பராமரிப்புக் குறை என்று கொள்வது பிழை. குதிரை அழிவதால்தான் ஊர் மீண்டும் கூடவும், பிடிமண் கொடுக்கவும், வேளாரை நாடவும் வேண்டியிருக்கிறது.

சிமெண்டுக் குதிரைகள் பெருகுவதை இந்நோக்கில் அணுக வேண்டும். அவற்றை மரபின் வீழ்ச்சி என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கும் மேற்பட்ட குதிரை நிலையாக நிற்கிறது. ஆனால் மாசிமகத்தன்று அடியார்கள் கொண்டுவரும் காகிதப்பூ மாலைகள் அதன் உடலையே மறைத்துவிடுகின்றன. உரு நிலைத்திருந்தும், ஆண்டுதோறும் மக்கள் செய்ய வேண்டிய ஒன்று அங்கே எஞ்சியிருக்கிறது. எனவே அளவுகோல் மண்ணா சிமெண்டா என்பதன்று. புதுப்பிக்கும் கடமை தொடர்கிறதா என்பதே. அக்கடமையும் இல்லாத சிமெண்டுக் குதிரை ஊருக்கும் வேளாருக்கும் இடையிலான உறவை ஒரே செலவில் முடித்துவிடுகிறது.

ஒப்பீடு

ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ஜூன் மாதம் நிகழும் சாகு சாகு உமாக்கோ விழாவில், மணிகளும் பட்டாடைகளும் அணிந்த உழவுக் குதிரைகள் தக்கிசாவாவின் சோசென் ஆலயத்திலிருந்து மொரியோக்காவின் ஹச்சிமான் ஆலயத்துக்கு நடக்கின்றன. விழாவின் பெயரே மணியோசையிலிருந்து வந்தது. உழைத்த குதிரைக்கு நன்றி சொல்வதே அதன் உட்கிடை. இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின் குதிரைகள் குறைந்தன. இன்று விழாவுக்காகவே அவற்றை வளர்க்க வேண்டியுள்ளது. அங்கே விழா குதிரையைக் காக்கிறது. இங்கே விழா காப்பது குதிரையை அன்று, அதைச் செய்யும் உறவை. இரண்டிடத்தும் ஊர்வலத்தை மட்டும் பதிவுசெய்யும் ஆய்வு, அதற்கு முந்தைய ஆண்டு முழுவதன் உழைப்பையும் விட்டுவிடும்.

முடிவுரை

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் சுடுமண் குதிரைகளைக் காணும் சென்னை மாணவர் அவற்றின் வடிவை அறிய முடியும். பிடிமண்ணை அறிய முடியாது. இக்கட்டுரையாளர் வாழும் ஈக்காட்டுத்தாங்கலில் தாங்கல் என்னும் நீர்நிலைச் சொல் ஊர்ப்பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது. கண்மாய் மண் கிடைக்காமற்போனால் புரவியும் அவ்வாறே பெயராகும். ஆகவே புரவியெடுப்பைக் களத்தில் ஆராய்வோர் குதிரையின் உயரத்தோடும் வண்ணத்தோடும் நின்றுவிடாமல், மண் எந்த நீர்நிலையிலிருந்து வந்தது, அதை எடுக்க யாருடைய இசைவு தேவைப்பட்டது, பிடிமண்ணைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், அடுத்த முறை அதைப் பெற அக்குடும்பத்தில் ஆள் உண்டா என்பனவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். சிதைந்த குதிரைக்கு மாற்றுச் செய்ய வழியுண்டு. கொடுப்பாரும் கொள்வாரும் இல்லாத பிடிமண்ணுக்கு மாற்று இல்லை.