சுழலும் சிறகு

1903-ஆம் வருஷத்து விமானத்துக்காக ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒட்டி, எட்டரை அடி விட்டத்தில் உந்துவிசிறிகளைச் செதுக்கிய ரைட் சகோதரர்கள், அந்த விசிறி உண்மையில் சுழலும் சிறகே என்று கண்டுகொண்டதைத்தான் அவர்களுடைய மேதைமையின் உச்சம் என்பேன். இன்றைய இலகு விமானக்காரர், குடத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தரையிலேயே அலகுகளின் சாய்வை மாற்றத்தக்க விசிறியை விரும்புவது, அந்தச் சூட்சுமத்தைக் கையால் தொடும் ஆனந்தத்துக்காகவும் இருக்கலாம். சாய்வு மிகுந்தால், ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சின், மேட்டில் பாரமிழுக்கும் மாடுபோல் திணறி, நிமிஷத்துக்கு 5800 சுற்று என்னும் தன் உச்சத்தை எட்டாமல், ஓடுபாதையின் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். குறைந்தாலோ, மேலெழுவது என்னவோ சுகந்தான், சமமட்டத்தில் விரைகையில் எல்லை மீறிச் சுழலும். ஆகவே விமானத்தை மட்டமாக நிறுத்தி, ஒவ்வோர் அலகிலும் நுனியிலிருந்து ஒரே தூரத்தில் கோணமானியை வைத்து, அரைப் பாகை திருப்பி, டார்க் ஸ்பேனரால் இறுக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் தளர்த்துகிற அந்த நிதானம் எனக்கு மிகவும் பிரியமானது. அலகுக்கு அலகு சாய்வு பேதப்பட்டால், ஆசனம் வரை நடுக்கம் வந்து புகார் சொல்லும். பெரிய விட்டத்துக்கு ஆசைப்படுவோர்க்கும் தடையுண்டு: நுனி ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, சக்தி இரைச்சலாய் விரயமாகும்.