தேனிலவும் ஒத்திகையும்

லீ ஜானியாக்கின் முதல் படம் ‘ஹனிமூன்’ (2014). மொத்தம் நாலே பாத்திரங்களை வைத்துக்கொண்டு சின்னதாக எடுக்கப்பட்ட திகில் படம். புதுசாய்க் கல்யாணமான இருவர், ஏரிக்கரையில் ஆளரவமற்ற ஒரு வீடு. ஓர் இரவு மனைவி பியா காட்டுக்குள் அம்மணமாய் நிற்கிறாள். அதற்கப்புறம் அவளுக்குக் காபி போடத் தெரியவில்லை. தன் பெயரையும் புருஷன் பெயரையும் நோட்டில் திரும்பத் திரும்ப எழுதுகிறாள். படுக்கையைத் தவிர்க்கச் சொல்லவேண்டிய சாக்கைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறாள்.

இதை ‘வேற்றுலக ஜந்து உடலில் புகுந்த கதை’ என்று சுருக்கிவிடலாம். ஆனால் அந்த ஒத்திகை நமக்குத் தெரியாததா என்ன? மனைவி என்கிற பாத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற வேலை, எந்த ஜந்தும் புகாத வீடுகளிலும் தினசரி நடப்பதுதான்.

தொடையில் காயத்தைப் பார்த்த கணவனின் சந்தேகம் அவளது பால்யகால நண்பன் மேல் போகிறது. கடைசியில் அவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டு விசாரிக்கிறான். காதலும் போலீஸ் விசாரணையும் ஒரே மொழியைப் பேசத் தொடங்கும் இடம் இது.

படத்தின் சறுக்கலும் இங்கேதான். அவள் உடலிலிருந்து எதையோ உருவி எடுத்துக் காட்டியதும் அவன் சந்தேகத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. குடும்பம் என்கிற அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. அவனை ஒளித்துவைப்பதாய் நினைத்து அவள் ஏரியில் மூழ்கடிக்கிறபோது, நம் பரிதாபமும் அவன் பக்கமே சாய்கிறது. காரணம், பெரும்பாலும் அவன் கண் வழியேதான் அவளைப் பார்த்திருக்கிறோம். வேவு பார்த்தது அவன் மட்டுமல்ல.

அவளிடமிருந்து உண்மை வெளிவருவது கயிறு கட்டிய பிறகுதான். அந்தக் கயிற்றைத் திகில் என்று எத்தனை பேர் எண்ணியிருப்போம்?