இலக்கியப் பயணம்: ஊர்ப் பட்டியலா, நூல் வாசிப்பா?



ஜூன் விடுமுறையில் உயர்நிலை மாணவர்களைத் தமிழகத்துக்கு இலக்கியப் பயணம் அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெற்றோர் கையெழுத்து, பாஸ்போர்ட், விசா, உணவு ஒவ்வாமைப் பட்டியல், இடர் மதிப்பீட்டுப் படிவம் என்று பொறுப்பாசிரியர் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, "பிள்ளைங்க எல்லாரும் பத்திரமா திரும்பி வந்துட்டாங்க" என்பதோடு பயணத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு கவிதையையோ கதையையோ விமர்சிப்பதுபோல் பயணத் திட்டத்தை எடுத்துவைத்து நாம் விமர்சிப்பதில்லை. அதைச் செய்து பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

வழக்கமான திட்டம்

நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. சென்னை மெரினா சிலைகள், மாமல்லபுரம், புதுச்சேரியில் பாரதி வாழ்ந்த வீடு, தஞ்சைப் பெரிய கோவில், மதுரை, எட்டயபுரம், கடைசியில் கன்னியாகுமரி. எல்லாம் எட்டே நாளில். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்வழியிலேயே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இத்தனை ஊரையும் சுற்றிக்கொண்டு போனால் மாணவர்கள் அதிகம் பார்ப்பது பேருந்து ஜன்னலைத்தான்.

இந்த இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் ஓர் இடத்தையும் அடுத்த இடத்தையும் இணைக்கும் கேள்வி திட்டத்தில் இல்லை. பயிற்சித் தாளைப் பார்த்தாலே இது தெரியும். "வள்ளுவர் சிலையின் உயரம் என்ன?" என்று கேட்கிறோம். 133 அடி என்று எழுதிவிடுவார்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி என்று பிரித்துச் சொல்லி "ஏன் 38?" என்று கேட்டால்தான் அறத்துப்பாலில் 38 அதிகாரம், மற்ற இரண்டு பாலும் சேர்ந்து 95 அதிகாரம் என்ற விஷயத்துக்கு வருவார்கள். "நீங்க சிற்பியா இருந்தா எந்தப் பாலை அடியில் வைப்பீங்க?" என்று இன்னொரு கேள்வி போட்டால் திருக்குறளைத் திறந்தே ஆகணும்.

மெரினாவும் அப்படித்தான். அங்குள்ள தமிழறிஞர் சிலைகளில் பல, 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்தவை. முதல் மாநாடு 1966-இல் நடந்தது கோலாலம்பூரில். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போகிற ஊர் அது! கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் மறுபடியும் நிறுவப்பட்டது. ஒரு காப்பியத் தலைவியின் சிலைக்காக ஓர் ஊர் ஏன் இவ்வளவு சண்டை போட வேண்டும்? நல்ல கலந்துரையாடலுக்கு இது போதும். நாமோ குழுப்படம் எடுத்துவிட்டு, "சீக்கிரம் பஸ்ல ஏறுங்க" என்கிறோம்.

நூல் சொல்லும் வழி

என் கருத்து இதுதான்: முதலில் ஒரு நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஊர்களை அந்த நூல் முடிவு செய்யட்டும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று காண்டங்களுக்கும் ஊர்ப்பெயர்தான்: புகார், மதுரை, வஞ்சி. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து, கவுந்தி அடிகளின் துணையோடு அரங்கம், உறையூர் கடந்து மதுரை சேர்கிறார்கள். காடுகாண் காதையில் மதுரைக்குப் போக மூன்று வழி இருப்பதாக மாங்காட்டு மறையோன் சொல்கிறான். கொடும்பைக்குப் பக்கத்தில் வழி மூன்றாகப் பிரிகிறது. அதில் ஒரு வழியில் அற்புதப் பலன் தரும் பொய்கைகள் உண்டு என்கிறான். கவுந்தி அடிகள் அது தேவையில்லை என்று மறுத்துவிடுகிறார். பயணத் திட்டம் பற்றிய விவாதமே காப்பியத்துக்குள் இருக்கிறது.

இந்த வழியில் பூம்புகாரிலிருந்து மதுரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கொடும்பை என்பது விராலிமலைக்கு அருகிலுள்ள இன்றைய கொடும்பாளூர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். திருச்சி – மதுரை சாலையில் போகும்போது அங்கே இறங்கி, மூன்று குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு வழிக்காக வாதாடச் சொல்லலாம். கவுந்தி அடிகள் மறுத்த காரணத்தை வாசித்துவிட்டு வாதாட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஜூன் வெயிலுக்கும் நூலிலேயே பதில் இருக்கிறது. கண்ணகியால் வெயிலைத் தாங்க முடியாது என்று அவர்கள் இரவில் நிலவொளியில் நடக்கிறார்கள். நாமும் காலையிலும் மாலையிலும் வெளியே போகலாம். நடுப்பகலை விடுதியில் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஜூனில் தமிழகப் பள்ளிகள் திறந்துவிடும் என்பதால், அங்குள்ள மாணவர்களோடு ஒரு காதையைச் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு செய்யலாம். ஆளுக்கொரு நடனம் ஆடி நினைவுப்பரிசு மாற்றிக்கொள்வதைவிட அது பயனுள்ளது.

இல்லாததையும் காட்ட வேண்டும்

இந்தத் திட்டத்தில் சிக்கலும் உண்டு. பூம்புகாரில் இறங்கினால் மாணவர் கற்பனை செய்த பட்டினம் இருக்காது. புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலையே சொல்கிறது. அங்கே இருக்கும் ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் கட்டியது. "இதுதான் கோவலன் வாழ்ந்த இடம்" என்று சொல்லி நிறுத்தக் கூடாது. கலைக்கூடத்தின் சிற்பக் காட்சிகளை 20-ஆம் நூற்றாண்டுத் தமிழகம் இளங்கோவுக்கு எழுதிய உரையாக வாசிக்கச் சொல்லுங்கள். சிற்பிகள் எந்தக் காட்சியைப் பெரிதாக்கினார்கள், எதை விட்டார்கள் என்று தேடட்டும். வஞ்சி எங்கே என்பதில் கரூரா, கேரளத்துக் கொடுங்கல்லூரா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. இதை மறைக்காமல் சொன்னால், இலக்கியம் வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்ற வித்தியாசம் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

"இவ்வளவு செலவு பண்றோம், கன்னியாகுமரி கிடையாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடும்பத்தோடு போகும்போது அதைப் பார்க்கலாம். ஆசிரியரோடு உட்கார்ந்து ஊரையும் காதையையும் சேர்த்து வாசிப்பது பள்ளிப் பயணத்தில்தான் கிடைக்கும் என்று விளக்கினால் பலர் ஏற்றுக்கொள்வார்கள்.

அருகில் ஒரு பயணம்

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம், தமிழ் வேறு நாட்டுப் பொருள் என்ற எண்ணம் ஏற்கனவே இருக்கிறது. இலக்கியப் பயணம் என்றாலே விமானம் ஏறித் தமிழகம்தான் என்று ஆக்கினால், நாமே அதை உறுதிப்படுத்துகிறோம். செலவுக்கு வழியில்லாத மாணவருக்கு அந்தப் பயணமும் இல்லை.

பினாங்குக்குப் போகலாமே. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்த நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானும் பினாங்கும் அதன் களம். சில பகுதிகள் உயர்நிலை மாணவருக்கு ஏற்றவை அல்ல. ஆசிரியர் தேர்ந்தெடுத்த அத்தியாயங்கள் போதும். புயலில் கடல் கடக்கும் அத்தியாயத்தை ஜார்ஜ்டவுன் கடற்கரையில் உட்கார்ந்து வாசிக்கலாம். செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பினாங்கு ஸ்திரீட்டில் நடந்துவிட்டு, தண்ணீர்மலைக்கும் போய் வரலாம். புறப்படும் முன் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றித் தாத்தா பாட்டிகளிடம் விசாரித்துவரச் சொன்னால், பயணம் வீட்டிலேயே தொடங்கிவிடும்.

அடுத்த ஆண்டுத் திட்டம் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்த நூலை வாசித்துவிட்டுப் போகிறோம்? ஒவ்வோர் ஊரிலும் அந்த நூலின் எந்தப் பகுதியைத் திறக்கப் போகிறோம்? திரும்பி வந்தபின் மாணவர் எதைப் புதிதாக விளக்க முடியும்? பதில் இல்லாத ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். மிச்சமாகும் நேரத்தில் பிள்ளைகள் வாசிக்கட்டும்.